ஒரு கண் போன பிறகு டீ டம்ளர் தவறுகிறது, மலை மட்டும் அப்படியே இருக்கிறதே, ஏன்?

பெருமாள்மலை ஜீப் | ஞாயிறு, காலை 6.50

எல்லோருக்கும் வணக்கம். வழக்கமாக இங்கே டயர், கிளட்ச் பற்றித்தான் கேட்பேன். இன்று கேள்வி வேறு.

போன ஐப்பசியில் தோட்டத்து வேலியை இழுத்துக் கட்டும்போது கம்பி அறுந்து இடது கண்ணில் அடித்துவிட்டது. மதுரை வரை கொண்டுபோய்ப் பார்த்தார்கள். பார்வை திரும்பவில்லை. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். இனிமேல் உங்களுக்கு ஆழம் தெரியாது, எல்லாம் காலண்டர் படம் மாதிரித் தட்டையாக இருக்கும், பழகிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் அவர் சொன்னபடிதான் நடந்தது. டீ ஊற்றினால் பாதி டம்ளரில், பாதி மேஜையில். சுவிட்சைப் போடக் கை நீட்டினால் இரண்டு விரற்கடை முன்னாலேயே விரல் நின்றுவிடும். ஊசியில் நூல் கோர்ப்பதை விட்டே விட்டேன்.

தை மாதம் வானம் தெளிந்ததும் ஒருநாள் கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக் போனேன். தட்டையாகத்தான் தெரியப்போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் போனேன். போய்ப் பார்த்தால் எல்லாம் அப்படியே இருக்கிறது! கீழே பெரியகுளம் பக்கத்து வயல்கள், அதற்கும் அப்பால் வைகை அணை தகரத் துண்டு மாதிரி மின்னுகிறது, இந்தப் பக்கம் மலைக்குப் பின்னால் மலை. ஒரு குறையும் இல்லை. இருபது கிலோமீட்டருக்கு மேல் உள்ள ஆழம் எனக்குத் தெரிகிறது, அரையடி தூரத்து டம்ளர் தெரியவில்லை. இது என்ன கணக்கு?

வண்டியை இப்போது தம்பிதான் ஓட்டுகிறான். வண்டி ஓட்டாதே என்ற அறிவுரையை யாரும் எழுத வேண்டாம்.

பிரேக் சத்தம் | ஞாயிறு, காலை 7.35

அண்ணே, விஷயம் இப்போதுதான் தெரியும். மனசு கஷ்டமாகிவிட்டது.

கேள்விக்கு என் பதில்: பழக்கம். இருபது வருடம் இந்த மலையைப் பார்த்திருக்கிறீர்கள். கண் பார்க்கவில்லை, ஞாபகம் பார்க்கிறது. வேறொன்றும் இல்லை.

லென்ஸ் அக்கா | ஞாயிறு, காலை 10.12

ஜீப் அண்ணே, நான் திண்டுக்கல்லில் ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். உங்கள் டாக்டர் நேரமில்லாமல் சுருக்கிச் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன். ஆழத்தைக் கண்டுபிடிக்க நமக்குப் பத்துப் பன்னிரண்டு வழிகள் உண்டு. உங்களிடமிருந்து போனது அதில் ஒன்றரை.

அந்த ஒன்று என்ன என்று முதலில் சொல்கிறேன். இரண்டு கண்ணும் உள்ள யாரையாவது முகத்துக்கு முன் ஒரு விரலை நீட்டி, கண்களை மாற்றி மாற்றி மூடச் சொல்லுங்கள். விரல் சுவருக்கு எதிரே இடமும் வலமுமாகக் குதிக்கும். இரண்டு கண்களுக்கும் நடுவே சுமார் 6.3 சென்டிமீட்டர் இடைவெளி. அதனால் இரண்டும் இரண்டு விதமான படத்தை அனுப்புகின்றன. எவ்வளவு குதிக்கிறது என்பதிலிருந்து மூளை தூர வித்தியாசத்தைக் கணக்கிடுகிறது. இதை முதலில் நிரூபித்துக் காட்டியவர் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டோன், 1838இல். இரண்டு கண்ணாடிகளைச் சாய்த்து வைத்து, இடது கண்ணுக்கு ஒரு கோட்டுப் படம், வலது கண்ணுக்குக் கொஞ்சம் மாறிய இன்னொரு கோட்டுப் படம் காட்டினார். வெறும் கோடுகள் எழுந்து நின்றன. இதைத்தான் ஸ்டீரியோ பார்வை என்கிறோம்.

இப்போது உங்கள் கேள்விக்கான கணக்கு. நல்ல பார்வை உள்ள ஒருவருக்கு அந்தக் குதிப்பு 30 ஆர்க் செகண்ட் இருந்தாலே தெரிந்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாகையை 3600 துண்டாக்கினால் ஒரு துண்டு ஒரு ஆர்க் செகண்ட். அவ்வளவு நுணுக்கமான கருவி. அதை வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் இரண்டு மில்லிமீட்டர் முன்பின்னைக்கூடப் பிடித்துவிடலாம். ஆனால் தூரம் பத்து மடங்கானால் பிழை நூறு மடங்காகும். 10 மீட்டரில் 23 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால்தான் தெரியும். 100 மீட்டரில் 23 மீட்டர். நானூறு மீட்டரைத் தாண்டினால் எதிரே இருக்கும் மரமும் ஒன்றுதான், நிலாவும் ஒன்றுதான்.

அதனால் கோக்கர்ஸ் வாக்கில் நிற்கும் அத்தனை பேரும் ஒற்றைக் கண்ணர்கள்தான் அண்ணே. அங்கே அவர்களிடம் உள்ளதில் உங்களிடம் இல்லாதது எதுவும் கிடையாது. டீ டம்ளரில்தான் அவர்கள் உங்களைவிடப் பணக்காரர்கள்.

மீதி அரை: பக்கத்தில் உள்ளதைப் பார்க்கும்போது இரண்டு கருவிழியும் உள்நோக்கித் திரும்பும். அந்தத் தசை இழுப்பும் தூரத்துக்கு ஒரு குறிப்பு. சில மீட்டருக்குள் மட்டும் பயன். லென்ஸ் தடித்து, மெலிந்து குவிவது உங்கள் வலது கண்ணில் அப்படியே இருக்கிறது. ஆனால் நாற்பதைத் தாண்டிவிட்டால் அதை நம்பிப் பெரிதாகப் பயனில்லை.

பெருமாள்மலை ஜீப் | ஞாயிறு, காலை 10.40

நாற்பத்தேழு ஆகிறது, அதுவும் போச்சு.

ஒற்றைக் கண்ணர்கள் என்றதைப் படித்துவிட்டு வீட்டில் சத்தமாகச் சிரித்தேன். நன்றி அக்கா. சரி, ஸ்டீரியோ அங்கே வேலை செய்யவில்லை என்றால் எல்லோருக்கும் மலை எப்படி ஆழமாகத் தெரிகிறது?

ஓய்வு வாத்தியார் | ஞாயிறு, மதியம் 12.05

இதற்கு நான் வருகிறேன். முப்பத்தோரு வருடம் இயற்பியல் நடத்தியவன், இப்போது மாடித் தோட்டத்தில் நூக்கல் வளர்ப்பவன்.

முதல் குறிப்பு மறைப்பு. முன்மலை பின்மலையின் அடிவாரத்தை மறைக்கிறது. மறைப்பது முன்னால், மறைபடுவது பின்னால். இது ஒரு சென்டிமீட்டரிலும் செல்லும், ஐம்பது கிலோமீட்டரிலும் செல்லும். எவ்வளவு பின்னால் என்று மட்டும் சொல்லாது.

இரண்டாவது அளவு. தைல மரம் எவ்வளவு உயரம் என்று தெரியும். அது தீக்குச்சி அளவு தெரிந்தால் தூரம் புரிந்துவிடும். பூம்பாறைப் படிக்கட்டு வயல்களை மேலிருந்து பார்த்திருப்பீர்கள். வரப்புகள் போகப் போக நெருங்கிக்கொண்டே போகும். அந்த நெருக்கமும் ஒரு தூரக் குறிப்பு.

மூன்றாவதுதான் மலைக்கே உரியது, காற்று. உங்களுக்கும் எதிர்மலைக்கும் நடுவே உள்ள காற்று வெயிலைச் சிதறடிக்கிறது, நீலத்தை அதிகமாக. மலையிலிருந்து வரும் வெளிச்சத்தோடு இந்த நீல வெளிச்சமும் சேர்ந்து கண்ணுக்கு வருகிறது. தூரம் கூடக் கூட மலையின் சொந்த நிறம் மங்கி, காற்றின் நீலம் ஏறுகிறது. பக்கத்து மலை பச்சை, அடுத்தது கருநீலம், அதற்கடுத்தது சாம்பல் நீலம், கடைசியில் எது மலை எது வானம் என்றே தெரியாது. மூளை இந்த வரிசையைத் தூரமாகப் படிக்கிறது. இதற்கு ஒரு கண் போதும்.

ஒரு பக்கக் குறிப்பு: நல்ல மழை விட்ட மறுநாள் காலையில் பாருங்கள். தூசி கழுவப்பட்டுக் காற்று சுத்தமாக இருக்கும். மலையெல்லாம் இரண்டு எட்டு முன்னால் வந்து நிற்பதுபோல இருக்கும். மலை நகரவில்லை, மங்கல் குறைந்ததால் மூளை தூரத்தைக் குறைத்துப் போட்டுவிட்டது.

பூண்டுக்காடு | ஞாயிறு, மதியம் 12.31

சார், மலை நீலமாகத் தெரிவது குறிஞ்சிப் பூவால் என்றுதானே எங்கள் அப்பா சொல்வார்?

ஓய்வு வாத்தியார் | ஞாயிறு, மதியம் 12.48

அப்பா சொன்னது 2006இலும் 2018இலும் சரி. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்கும், அடுத்தது 2030. நடுவில் பதினோரு வருடம் தினமும் நீலமாகத் தெரிகிறதே, அதற்கு யார் பொறுப்பு?

பிரேக் சத்தம் | ஞாயிறு, பிற்பகல் 2.20

எல்லாம் சரி சார். ஆனால் தியேட்டரில் 3டி கண்ணாடியைக் கழற்றினால் படம் தட்டையாகிவிடுகிறது. போட்டால் அம்பு மூக்குக்கு நேரே வருகிறது. அப்படியானால் ஆழம் என்பது இரண்டு கண்தானே? மறைப்பு, அளவு எல்லாம் கண்ணாடி இல்லாமலும் இருக்கிறது. ஏன் எழுந்து வரவில்லை?

லென்ஸ் அக்கா | ஞாயிறு, பிற்பகல் 3.02

நல்ல கேள்வி. இரண்டு கண் மட்டுமே போதும் என்பது உண்மைதான். 1960இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பேலா யூலஸ் என்பவர் அதைக் காட்டினார். ஹங்கேரியில் பிறந்தவர், ரேடார் வேலை தெரிந்தவர். கணினியில் வெறும் புள்ளிக் குப்பையாக இரண்டு படம் செய்தார். ஒன்றில் நடுச் சதுரத்தின் புள்ளிகளை மட்டும் லேசாகப் பக்கவாட்டில் தள்ளினார். தனித்தனியாகப் பார்த்தால் உருவமே இல்லை. இரண்டு கண்ணுக்கும் ஒவ்வொன்றாகக் காட்டினால் சதுரம் மிதக்கிறது. நிழல் இல்லை, மறைப்பு இல்லை, பழக்கமும் இல்லை. பிறகு 1967இல் பூனையின் மூளையில் இந்தக் குதிப்பின் அளவுக்கு ஏற்ப வேலை செய்யும் செல்களையே கண்டுபிடித்தார்கள்.

ஆனால் போதும் என்பதும், அது மட்டுமே உண்டு என்பதும் வேறு வேறு. கண்ணாடி கழற்றிய 3டி படம் ஏன் தட்டை? உங்கள் இரண்டு கண்ணும் சேர்ந்து, "இது ஒரு வெள்ளைத் திரை, எல்லாப் புள்ளியும் ஒரே தூரத்தில்" என்று அடித்துச் சொல்கின்றன. மறைப்பும் அளவும் ஆழம் என்கின்றன, ஸ்டீரியோ தட்டை என்கிறது. சண்டை. வீட்டில் டிவியை ஒரு கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் பாருங்கள். பலருக்கு ஆழம் கூடித் தெரியும், ஏனென்றால் எதிர்ச்சாட்சி போய்விட்டது. ஜீப் அண்ணன் இன்று டிவியில் கிரிக்கெட் பார்த்தால் நம்மைவிட நன்றாக மைதானம் தெரியலாம்.

பெருமாள்மலை ஜீப் | ஞாயிறு, பிற்பகல் 3.15

இதை வீட்டில் சொன்னேன். "அதற்காக இன்னொரு டிவி கேட்காதீர்கள்" என்று பதில் வந்தது.

ரோபோ பண்ணைக்காடு | ஞாயிறு, இரவு 9.40

தாமதமாக வருகிறேன். சொந்த ஊர் பண்ணைக்காடு, கோவையில் கேமரா வைத்து இயந்திரங்களுக்குத் தூரம் கற்றுக்கொடுக்கும் வேலை. அக்கா சண்டை என்றார்களே, அந்தச் சண்டையை மூளை எப்படித் தீர்க்கிறது என்பதுதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம்.

பூண்டுக்காடு அண்ணன் புரிந்துகொள்கிற மாதிரி சொல்கிறேன். சந்தையில் தராசு இல்லை. ஒரு மூட்டைப் பூண்டைத் தூக்கிப் பார்த்து எடை சொல்ல இரண்டு பேர். பழைய வியாபாரி ஏறத்தாழ இரண்டு கிலோ முன்பின்னாகச் சொல்வார். புதுப் பையன் நாலு கிலோ முன்பின்னாகச் சொல்வான். வியாபாரி 30 என்கிறார், பையன் 34 என்கிறான். நீங்கள் எதை எழுதுவீர்கள்?

நடுவில் 32 என்று எழுதினால் வியாபாரிக்கு அவமரியாதை. 30 என்று எழுதினால் பையன் சொன்னது வீண். கணக்குப்படி சிறந்த வழி: யாருடைய தடுமாற்றம் இரண்டு மடங்கோ அவர் பேச்சுக்குக் கால் மதிப்பு. நாலுக்கு ஒன்று என்று கலந்தால் 30.8 கிலோ. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கலவையின் தடுமாற்றம் 1.8 கிலோதான். வியாபாரியைவிடக் கொஞ்சம் துல்லியம். மோசமான சாட்சியையும் அளவோடு கேட்டால் லாபம்.

மூளை இதைச் செய்கிறதா என்று 2002இல் மார்க் எர்ன்ஸ்ட், மார்ட்டின் பேங்க்ஸ் இருவரும் சோதித்தார்கள். ஒரு மேட்டின் உயரத்தைக் கண்ணால் பார்த்தும் விரலால் தொட்டும் சொல்ல வேண்டும். கண்ணுக்குக் காட்டும் புள்ளிகளில் வேண்டுமென்றே குழப்பத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். குழப்பம் கூடக் கூட மனிதர்கள் கண்ணைக் கைவிட்டு விரலை நம்பினார்கள். எவ்வளவு நம்பினார்கள் என்பது மேலே சொன்ன கணக்கோடு ஒத்துப்போனது. யாரும் அவர்களுக்குக் கணக்கு சொல்லித்தரவில்லை.

ஆக ஜீப் அண்ணனின் மூளையில் டம்ளர் தூரத்துக்கு ஸ்டீரியோதான் பெரிய வியாபாரி. அவர் கடையைக் கட்டிவிட்டார். மலைத் தூரத்தில் அவருக்கு என்றுமே மதிப்பு கிடையாது, போனது யாருக்கும் தெரியவில்லை.

பூண்டுக்காடு | ஞாயிறு, இரவு 9.58

முப்பது கிலோ மூட்டையில் நாலு கிலோ தவறுகிறவனை நான் சந்தைக்கே கூட்டிப்போக மாட்டேன்.

சந்தேகம்: பையன் 60 கிலோ என்று சொன்னால்? அதற்கும் கால் மதிப்பா?

ரோபோ பண்ணைக்காடு | ஞாயிறு, இரவு 10.15

இல்லை, அங்கே கணக்கு மாறும். வித்தியாசம் சின்னதாக இருக்கும்வரைதான் கலப்பு. ரொம்பப் பெரிதானால் ஒருவரை அப்படியே தள்ளிவிடும். முகமூடியின் உள்பக்கம் இதற்கு நல்ல உதாரணம். குழிந்த பக்கத்தைச் சில அடி தள்ளி நின்று பார்த்தால், இரண்டு கண்ணும் இது குழி என்று சொன்னாலும், முகம் புடைத்துத்தான் தெரியும். பிறந்ததிலிருந்து குழிந்த முகத்தை மூளை பார்த்ததே இல்லை. "முகம் என்றால் மூக்கு வெளியே" என்கிற அனுபவம் ஸ்டீரியோவைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. பக்கத்தில் வந்தால் ஸ்டீரியோ பலம் கூடி மறுபடி குழியாகிவிடும்.

பிரேக் அண்ணன் முதலில் ஞாபகம் என்று சொன்னாரே, அது முழுத் தவறில்லை. ஞாபகமும் ஒரு சாட்சிதான். நூற்றைம்பது வருடம் முன்பே ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதைத்தான் சொன்னார்: பார்ப்பது என்பது நமக்கே தெரியாமல் நடக்கும் ஊகம் என்று.

பிரேக் சத்தம் | திங்கள், காலை 5.30

டிரிப் எடுப்பதற்கு முன் எழுதுகிறேன். வத்தலக்குண்டு ரோட்டில் பதினெட்டு வருடம். உங்கள் சாட்சிகளெல்லாம் மூடுபனியில் என்ன ஆகிறார்கள் என்று யாரும் பேசவில்லை.

போன மார்கழியில் டம் டம் பாறைக்கு மேலே, இரவு ஒன்பது இருக்கும். முன்னால் ஒரு லாரியின் பின்லைட், மங்கலாக, ரொம்பத் தள்ளி. நிதானமாகத்தான் வந்தேன். அடுத்த நொடி அதன் பின்பலகையில் எழுதியிருந்ததைப் படிக்கிறேன். இடிக்கவில்லை, ஒரு முழம் விட்டு நின்றது. கை நடுக்கம் ஊத்து கிராமம் தாண்டும்வரை நிற்கவில்லை. எனக்கு இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிறது.

ஓய்வு வாத்தியார் | திங்கள், காலை 7.10

தம்பி, நேற்று நான் புகழ்ந்த சாட்சிதான் உங்களை ஏமாற்றியது. மங்கல் என்றால் தூரம் என்பது தெளிந்த காற்றில் மூளை கற்ற பாடம். மலைக்கு அது சரி. பனியில் பதினைந்து மீட்டரில் இருக்கும் விளக்கும் மங்குகிறது, மூளை பழைய பாடத்தையே ஒப்பிக்கிறது. கூடவே மற்ற சாட்சிகளும் காணாமல் போய்விடுகிறார்கள். சாலை ஓரம் தெரியாது, லாரியின் உருவம் தெரியாது, மரம் தெரியாது. இருட்டில் இரண்டு சிவப்புப் பொட்டு மட்டும்.

ரோபோ பண்ணைக்காடு | திங்கள், காலை 8.25

சார் சொன்னதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2001இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சு ஆய்வில், பனியில் பின்லைட்டின் தூரத்தை மனிதர்கள் சராசரியாக 60 விழுக்காடு கூட்டி மதிப்பிட்டார்கள். அதாவது 20 மீட்டரில் இருப்பது 32 மீட்டர் மாதிரி.

இன்னொன்றும் உண்டு. 1998இல் பிரிட்டனில் செய்த சோதனையில், பனியில் நம் வேகமே நமக்குக் குறைவாகத் தோன்றும், அதனால் தெரியாமலே வேகம் கூட்டுவோம் என்று காட்டினார்கள்.

பிரேக் சத்தம் | திங்கள், இரவு 8.50

தூரம் ஒத்துக்கொள்கிறேன். வேகம் ஒத்துக்கொள்ள முடியாது. பனியில் எனக்கு இருபதில் போனாலே நாற்பதில் போவது மாதிரி இருக்கும். எங்கள் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் அதுதான். பனியில் வேகம் கூட்டுகிறவன் வாடகைக் கார் எடுத்து வருகிற கீழ்நாட்டுக்காரன்தான், அதுவும் தெரிந்தே.

ரோபோ பண்ணைக்காடு | திங்கள், இரவு 9.30

அண்ணே, உங்கள் ஸ்டாண்ட் ஜெயித்தது. தேடிப் படித்துவிட்டு வருகிறேன். 1998 சோதனையில் திரை முழுக்க ஒரே சீராக மங்கலாக்கியிருந்தார்கள், அழுக்குக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது மாதிரி. நிஜப் பனி அப்படியில்லை. பக்கத்தில் தெளிவு, போகப் போக மங்கல். 2012இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் பனியைச் சரியாகச் செய்து பார்த்தார்கள். ஓட்டியவர்கள் தங்கள் வேகத்தைக் கூட்டி மதிப்பிட்டு, மெதுவாகத்தான் போனார்கள். சீரான மங்கலில் மட்டும்தான் வேகம் கூடியது.

எனக்குப் படுகிற காரணம்: பனியில் கண்ணில் தெளிவாக மிச்சம் இருப்பது வண்டிக்கு முன்னால் உள்ள கொஞ்சம் ரோடும் ஓரத்துப் புல்லும். அவை எப்போதும் வேகமாகத்தான் ஓடும். தூரத்தில் மெதுவாக நகரும் மலையும் மரமும் அழிந்துவிட்டன.

பிரேக் சத்தம் | திங்கள், இரவு 9.41

இதற்கு ஜெர்மனி வரை போயிருக்க வேண்டாம். பெருமாள்மலை டீக்கடைக்கு வந்திருந்தால் போதும்.

இன்னொன்று. பனியில் ஒரே ஒரு சிவப்பு விளக்கு தெரிந்தால் நான் நின்றே விடுவேன். இரண்டு விளக்கு என்றால் நடு இடைவெளியை வைத்து ஏதோ ஒரு கணக்கு வரும். ஒன்று என்றால் பைக்கா, ஒரு பல்ப் செத்த லாரியா, எவ்வளவு தூரம், ஒன்றும் பிடிபடாது. பின்லைட்டில் ஒன்று போனால் அன்றே மாற்றுங்கள்.

மஞ்சு கேமரா | செவ்வாய், காலை 11.15

பனி என்றதும் வந்துவிட்டேன். கோக்கர்ஸ் வாக்கில் மாலை வெயில் முதுகில் அடிக்க, எதிரே பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வரும்போது சில நாள் உங்கள் நிழல் அதன்மேல் பூதம் மாதிரி விழும். தலையைச் சுற்றி வானவில் வளையம். ப்ராக்கன் ஸ்பெக்டர் என்பார்கள். ஜெர்மனியின் ப்ராக்கன் மலையில் 1780லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நான் ஆறு வருடத்தில் இரண்டே தடவை பார்த்தேன். ஆனால் படத்தில் நிழல் சின்னதாகத்தான் இருக்கிறது, நேரில் மலையளவு இருந்தது. கேமராவில் கோளாறா?

ஓய்வு வாத்தியார் | செவ்வாய், மதியம் 1.00

கேமரா யோக்கியம். நிழல் விழுவது உங்களுக்குச் சில மீட்டர் முன்னாலிருந்தே தொடங்கும் பனித்துளிகள்மேல். தூரம் சொல்ல அங்கே ஒரு சாட்சியும் இல்லை. மூளை அதை எதிர்மலைத் தூரத்தில் கொண்டுபோய் வைக்கிறது. கண்ணில் அதே அளவு, தூரம் மட்டும் நூறு மடங்கு என்றால் உருவமும் நூறு மடங்கு பெரிதாகத்தானே இருக்க வேண்டும்! பின்லைட் விஷயத்துக்கு உறவுக்காரன்தான் இந்தப் பூதமும்.

பூண்டுக்காடு | செவ்வாய், இரவு 7.20

அக்காவுக்கு ஒரு கேள்வி, விளையாட்டில்லை. அம்மாவுக்கு இடது கண்ணில் புரை. ரோட்டைத் தாண்டும்போது, "பஸ் நேராக வராமல் வளைந்து வருகிறது" என்கிறார். வயதானதால் பயம் என்று நினைத்து விட்டுவிட்டோம். உங்கள் சாட்சிக் கதையெல்லாம் படித்த பிறகு சந்தேகம் வருகிறது.

லென்ஸ் அக்கா | செவ்வாய், இரவு 8.05

அம்மா சொல்வதை நம்புங்கள். ஒரு கண்ணுக்கு வெளிச்சம் குறைவாகப் போனால் அந்தக் கண்ணின் செய்தி மூளைக்குக் கொஞ்சம் பிந்திப் போகும். நிற்கிற பொருளுக்கு அதனால் ஒன்றுமில்லை. ஓடுகிற பொருளை ஒரு கண் இப்போதைய இடத்திலும், மறுகண் ஒரு கணம் முந்தைய இடத்திலும் பார்க்கும். அந்த வித்தியாசத்தை மூளை ஆழம் என்று எண்ணிக்கொள்ளும். பக்கவாட்டில் போகிற வண்டி வளைந்து வருவதாகத் தோன்றும்.

வீட்டில் சாவியை நூலில் கட்டி இடம் வலமாக ஆட்டிவிட்டு, கறுப்புக் கண்ணாடியின் ஒரு பக்கத்தை மட்டும் ஒரு கண்ணுக்கு முன் பிடித்து இரண்டு கண்ணாலும் பாருங்கள். சாவி வட்டமடிக்கும். 1922இல் இதை விளக்கி எழுதியவர் கார்ல் புல்ஃபிரிச் என்ற ஜெர்மானியர். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை கிடையாது. தன் பெயரில் வழங்கும் விளைவை அவர் பார்க்கவே முடியவில்லை.

அம்மாவை இந்த மாதமே கண் டாக்டரிடம் காட்டுங்கள். பார்க்கும்வரை தனியாக ரோட்டைத் தாண்ட விடாதீர்கள்.

லென்ஸ் அக்கா | செவ்வாய், இரவு 8.30

ஜீப் அண்ணனுக்கும் ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். உங்களிடம் மிச்சமுள்ளதில் சிறந்த வியாபாரி தலையசைவு. ஜீப் ஜன்னலில் பார்த்தால் ஓரத்து வேலி பறக்கும், மலை கூடவே வரும் இல்லையா? அதே வித்தியாசத்தைத் தலையை ஒரு சாண் இடம் வலம் அசைத்தால் மேஜைமேலேயே உண்டாக்கலாம். கண் இடைவெளி 6.3 சென்டிமீட்டர்தான், தலையசைவு அதைவிட அதிகம். கனடாவில் 1990களில் ஒரு கண் இழந்தவர்களைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். ஒரு பொருளை எடுக்கும்போது மற்றவர்களைவிட அவர்கள் தலையை அதிகமாக அசைத்தார்கள். வெட்டுக்கிளி தாவுவதற்கு முன் உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டுமே, அதே வித்தைதான்.

டீக்கு: டம்ளர் விளிம்பைக் கெட்டில் மூக்கு தொடட்டும், பிறகு ஊற்றுங்கள். கைக்கு இருக்கிற மதிப்பைக் கொடுத்துவிடுங்கள்.

பூண்டுக்காடு | செவ்வாய், இரவு 8.44

வெட்டுக்கிளிக்கு 3டி கண்ணாடி போட்டுப் பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

ரோபோ பண்ணைக்காடு | செவ்வாய், இரவு 8.52

கும்பிடுபூச்சிக்குப் போட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் நியூகாசிலில், 2016இல். தேன்மெழுகு வைத்து ஒட்டிய குட்டி 3டி கண்ணாடி. திரையில் மிதந்த பூச்சிப் படத்தைப் பிடிக்கக் காலை வீசியது. சத்தியமாக.

பெருமாள்மலை ஜீப் | அடுத்த ஞாயிறு, மாலை 5.10

ஒரு வாரம் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

தலையை அசைத்துப் பார்ப்பது உண்மையிலேயே உதவுகிறது. சுவிட்ச் இப்போது பத்துக்கு எட்டு. கடையில் சில்லறை வாங்கும்போது தலையை ஆட்டினால் கடைக்காரர் வேண்டாம் என்கிறேனென்று நினைத்துக்கொள்கிறார், அது ஒன்றுதான் தொல்லை. டீக்கு விளிம்பைத் தொட்டு ஊற்றும் முறை நூற்றுக்கு நூறு. ஊசி நூல் இன்னும் வரவில்லை. படி இறங்கும்போது கடைசிப் படி வெயில் நேரத்தில் பரவாயில்லை, நிழல் விழுகிறது. மாலையில் மோசம். விளிம்பில் மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறேன்.

அப்புறம், ரோபோ தம்பி சொன்ன முகமூடி. மகள் எட்டாவது படிக்கிறாள், பள்ளி நாடகத்துக்கு வாங்கிய பிளாஸ்டிக் முகமூடி வீட்டில் கிடந்தது. அதைத் திருப்பி ஜன்னலில் சாய்த்து வைத்தோம். எட்ட நின்றால் இருவருக்குமே புடைத்துத் தெரிந்தது. நான் பக்கவாட்டில் நடந்தால் அந்த முகம் என்னையே பார்த்துத் திரும்புகிறது, கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஒவ்வோர் அடியாக முன்னால் வந்தோம். நாலடி இருக்கும்போதே அவளுக்குக் குழியாகிவிட்டது. எனக்கு ஒன்றரை அடி வரை புடைப்புதான், தலையைச் சும்மா வைத்திருந்தால். அப்பா பொய் சொல்கிறார் என்றாள், பந்தயமும் கட்டினாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார் என்றேன். மூடினாள். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "உங்களுக்கு எப்போதும் இப்படித்தான் இருக்குமாப்பா?" என்று கேட்டாள். முகமூடி மட்டும்தான் இப்படி, மற்றதெல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது என்றேன்.

பந்தயம் ஒரு டீ. டீயை அவள்தான் போட்டாள், ஊற்றியது நான்.

பூண்டுக்காடு | அடுத்த ஞாயிறு, மாலை 6.02

அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷன் தேதி கொடுத்திருக்கிறார்கள். அக்காவுக்கு மலைப்பூண்டு இரண்டு கிலோ திண்டுக்கல் பஸ்ஸில் வருகிறது. தராசில் போட்டதுதான்.

அந்த முகமூடி எந்தக் கடையில் வாங்கியது?